வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். உன் வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு வலி இப்போது முழுக்க விட்டுவிட்டதா? அங்கே அமெரிக்காவில் ஒரு ராத்திரி எமர்ஜென்சியில் இருந்ததற்கு, மாசக்கணக்கில் பில் மேல் பில்லாக வந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாய். வயிறு எரிந்தது. ஆனால், "எல்லாவற்றையும் சந்தையிடம் விட்டால் இதுதான் கதி" என்று முடித்திருந்தாயே, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சந்தை என்றால் வாங்குகிறவருக்கு முதலில் விலை தெரிய வேண்டும். உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது? 1942-ல், போர்க்காலத்தில், சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. ஆள் பிடிக்க வேண்டிய கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்தன. 1954-ல் அதற்கு வரிவிலக்கையும் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியும் காப்பீட்டுக் கம்பெனியும் தங்களுக்குள் விலை பேசிக்கொள்கின்றன, நோயாளிக்குக் கடைசியில்தான் தெரிகிறது. போதாததற்கு, பல மாநிலங்களில் புது ஆஸ்பத்திரி திறக்க, அந்த ஊருக்கு அது தேவைதான் என்று அரசிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற ஆஸ்பத்திரி அதை எதிர்த்து மனு போடலாம். காப்பீட்டுக் கம்பெனிகளோடு பேசி வைத்த விலையை ஆஸ்பத்திரிகள் வெளியிட வேண்டும் என்ற விதியே 2021 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இதைச் சந்தை என்று எப்படிச் சொல்வது?

என் மெடிக்கல் ஷாப்பில் தினமும் பார்க்கிறேன். சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பி எம்ஆர்பி பார்த்துவிட்டு, "இதே மருந்து வேற கம்பெனியில குறைவா இருக்காக்கா?" என்று கேட்காதவர்கள் குறைவு. எடுத்துக் காட்டுவேன். சில மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வரம்புக்கும் கீழே பலர் விற்பது, பக்கத்துக் கம்பெனிக்குப் பயந்துதான்.

நம் மதுரையிலேயே அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறதே! டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் ஆரோலேப் என்ற தங்கள் தொழிற்சாலையைத் தொடங்கி இங்கேயே செய்ததும் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்காக இறங்கியது. என் மாமியாருக்கு அங்கேதான் புரை எடுத்தோம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஒரு பெண் உட்கார்ந்து, இந்த லென்ஸ் என்றால் இவ்வளவு, அந்த லென்ஸ் என்றால் இவ்வளவு என்று விளக்கினாள். மாமியாரே யோசித்து நடுத்தரமானதைத் தேர்ந்தெடுத்தார். பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தில்தான் இலவச ஆபரேஷன்களும் நடக்கின்றன.

விலைக்கு ஒரேயடியாக வரம்பு கட்டினால் தீரும் என்பாய். 2017 பிப்ரவரியில், அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று கட்டினார்கள். நோயாளிகளுக்கு உடனே நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் சில வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் புது ஸ்டென்டுகளை இந்தியச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. மற்றச் செலவுகள் எதற்கும் விலைப்பட்டியல் வரவும் இல்லை.

மாரடைப்பில் துடிக்கிறவர் நாலு இடம் விசாரிக்க முடியாது, தெரியும். கையில் காசே இல்லாதவருக்கு அரசு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நோயாளியின் பெயரில் கொடுக்கட்டும், எங்கே போவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். 2009-ல் இங்கே தமிழ்நாட்டில் வந்த அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஏழைகளும் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதுதான். மூட்டு, குடலிறக்கம், கர்ப்பப்பை என்று நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்கள் எத்தனை! அவற்றுக்காவது விலையை வாசலில் எழுதிப் போடலாமே.

தம்பிக்கு அடுத்த மாதம் குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷன். விசாரித்த இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" இருக்கிறது என்றால் ஒரு தொகை, இல்லை என்றால் வேறு தொகை. எழுதிக் கொடுங்கள் என்றால் மழுப்புகிறார்கள். ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மட்டும் ரூம், மயக்க மருந்து, உள்ளே வைத்துத் தைக்கிற மெஷ் வலை உட்பட மொத்தத் தொகையைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சர்ஜனைப் பற்றியும் நன்றாக விசாரித்துவிட்டோம். அங்கேதான் செய்யப்போகிறோம்.

நீயும் அந்தப் பில்லை அப்படியே கட்டிவிடாதே. ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனிக் கணக்கு கேள், ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு என்றும் கேள். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
மீனா