செவலையைத் தீனி எடுக்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் செவலைக் கோழி இப்போது தானாகவே தீனி எடுக்கிறது. பக்கத்தில் வரும் கோழியைத் துரத்திவிட்டுத் தின்கிறது என்றால் உங்களுக்கே புரியும். "ஒரு கோழிக்கா இத்தனை பாடு?" என்று கேட்டவர்களும் உண்டு. இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

டாக்டர் ஐயா, நோய்க்கு நீங்கள் கொடுத்த மருந்து வேலை செய்தது. ஆனால் நோய் போன பிறகும் செவலை தீனியைத் தொடவில்லை. இறகோடு பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருந்தது. நீங்கள்தான் என் விரலைப் பிடித்து அதன் நெஞ்சில் வைத்தீர்கள். இருபக்கமும் சதை வற்றி, நடு எலும்பு கத்தி விளிம்பு போல் துருத்திக்கொண்டிருந்தது. கண்ணை நம்பாமல் தராசை நம்பச் சொன்னீர்கள். காலையில் அதன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்து, இரவோடு அது காலியாகியிருந்தால்தான் அடுத்த தீனி என்றீர்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே விழுங்கிக்கொள்ளும் என்றும் சொல்லித் தந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா, பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு மாட்டச் சொன்னது நீங்கள். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இளைத்த கோழிக்கு, தின்கிற கொஞ்சமும் அந்தச் சூட்டைக் காப்பதிலேயே செலவாகிவிடும். சூடு அதிகமானால் விலகிப்போக மறுபக்கம் இடம் இருந்தது. இருட்டில் கோழி தீனி எடுக்காது என்பதால் அதே விளக்கு இரண்டு வேலை பார்த்தது.

உங்கள் பேத்திக்கு என்ன சொல்வது? வெந்நீரில் குழைத்த தீவனத்தில் அவித்த மஞ்சள் கருவை உதிர்த்து வைத்தும் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. (முட்டையைக் கோழிக்கே கொடுப்பதா என்று சிரிக்க வேண்டாம், அவித்துக் கொடுத்தால் நல்ல புரதம்.) குழந்தை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அலகாகக் குவித்து, தட்டில் டொக் டொக் என்று தட்டினாள். ஒரு துணுக்கை எடுத்தாள், போட்டாள், மறுபடி எடுத்தாள். தாய்க்கோழி குஞ்சுகளை அழைப்பது போலத் தொண்டைக்குள் ஒரு சத்தம் வேறு. செவலை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அந்த விரல்களையே பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, தீனியை விட்டுவிட்டு அவள் நகத்தைக் கொத்தியது! அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த கொத்தில் மஞ்சள் கரு உள்ளே போய்விட்டது.

தராசு கொடுத்த நண்பருக்கு நன்றி. எடை குறைந்த நாள்களில் என் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் போனதற்கு இன்னும் பெரிய நன்றி.

அலுவலக நேரத்தில் வந்து தீனி மாற்றிய தங்கைக்கும் கடன்பட்டிருக்கிறேன். குழைத்த தீவனம் சீக்கிரம் புளித்துவிடும். கொஞ்சமாக வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டு, மறுபடி புதிதாக வைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எங்கள் இன்னொரு கோழியான கருப்பியைக் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் விட்டதும் அவள் யோசனைதான். கருப்பி அவசர அவசரமாகத் தின்பதைப் பார்த்துச் செவலைக்கும் பொறாமை வந்துவிட்டது. தனியாக இருந்தால் தொடாத தீனியைப் போட்டிக்கு ஆள் இருந்தால் கோழி தின்னும்.

பழைய எடை இன்னும் முழுதாக வரவில்லை. முட்டை எப்போது என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். முதலில் அதன் உடம்பு தேறட்டும். முட்டையிட்டாலும், மருந்துக்காக டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

தராசை மட்டும் இன்னும் சில வாரம் என்னிடமே விட்டுவையுங்கள், நண்பரே.

நன்றியுடன்,
செவலை வீட்டார்