கூன் விழுந்த அந்தப் பெண்: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

போன ஞாயிறு போனில் சொன்னீர்களே, ஜெபக்கூட்டத்தில் ஒருவர் உங்கள் முதுகில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "விசுவாசம் போதாது, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்றாராம். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தலையில் கயிறு அழுந்தக் கூடை சுமந்து முப்பது வருஷம் மலை ஏறி இறங்கிய முதுகு அது. கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்டு அரை நாள் சம்பளம்தான் தருவார்கள் என்று காய்ச்சலிலும் தேயிலைக் கொழுந்தெடுத்த முதுகு. அதற்கு வலிக்காதா?

லூக்கா 13ஆம் அதிகாரத்தைத் தங்கச்சியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளன்று, யூதர்களின் தொழுகைக்கூடத்தில், 18 வருஷமாகக் கூன் விழுந்து, கொஞ்சமும் நிமிர முடியாத ஒரு பெண். அவள் எதையும் கேட்கவில்லை. இயேசுதான் முதலில் பார்க்கிறார், கூப்பிடுகிறார், கை வைக்கிறார். விசுவாசம் இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. யோவான் 5இல் 38 வருஷம் நோயோடு கிடந்தவனுக்கோ, தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது.

கண்டியில் தியானத்துக்குப் போனபோது, இந்தக் கதைகளுக்குள் நாமே நுழைந்து ஜெபிக்கும் முறையைச் சொல்லித் தந்தார்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தன் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் வைத்துவிட்டுப் போன வழி. 1521இல் பம்பலோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்தவர் அவர். எலும்பைத் திரும்பவும் உடைத்துச் சேர்த்துப் பார்த்தார்கள்; அப்படியும் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அவருக்கும் விசுவாசம் போதாது என்பார்களா?

இரவு வேலையெல்லாம் முடிந்ததும் வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் உட்காருங்கள். அந்தத் தொழுகைக்கூடம் நமக்குத் தெரியாத இடம்தான், பரவாயில்லை, நம் தோட்டத்துக் கோயிலையே மனதில் கொண்டு வாருங்கள். நீங்கள்தான் அந்தப் பெண். குனிந்தபடி நிற்பவளுக்கு என்ன தெரியும்? முகங்கள் தெரியாது. சேறு ஒட்டிய கால்கள், சிமெந்துத் தரை, ஈரக் கம்பளியின் வாடை. இதை உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும், சித்தி? அப்புறம் ஒரு குரல் கூப்பிடுகிறது. இரண்டு கால்கள் உங்கள் பக்கம் வருகின்றன. அங்கேயே நில்லுங்கள். முதுகு நிமிரும் இடத்துக்கு அவசரப்பட்டு ஓட வேண்டாம். முதல் நாள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, தகரத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாளும் அதே கதைக்குத்தான் போனேன்.

பிறகு, ஓய்வுநாளில் குணமாக்கிவிட்டாரே என்று தொழுகைக்கூடத் தலைவர் கோபப்படுவார். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அன்று வந்து குணம் பெறுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார். அந்த இடத்தில் ஜெபக்கூட்டத்தில் கேட்ட பேச்சு ஞாபகம் வரும், வரட்டும். இயேசு சும்மா இருக்கவில்லை. ஓய்வுநாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறார். அவளை ஆபிரகாமின் மகள் என்கிறார். உங்களுக்காக ஒருவர் அப்படிப் பேசுவதைக் காதாரக் கேளுங்கள்.

கடைசியில், ஒரு சிநேகிதரிடம் பேசுவதுபோல அவரிடம் பேசச் சொல்கிறார் இஞ்ஞாசியார். கோபம் இருந்தால் கோபத்தையே சொல்லுங்கள். வலியையும் சொல்லுங்கள். கிளினிக் நாளை மட்டும் தவற விடாதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

நத்தாருக்கு வருகிறேன். அந்தக் கால்கள் உங்கள் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் என்ன சொன்னார் என்று அப்போது எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்