நீல நோட்டீசைப் படித்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு லண்டனில் எங்கள் தெருமுனைக் கடை இரவு 2 மணி வரை மது விற்க லைசென்ஸ் கேட்டிருக்கிறது. தெருவே கொதிக்கிறது. கடைக்காரர் நம்மவர் என்பதால் தமிழர்கள் மட்டும் வாய் திறக்கத் தயங்குகிறோம்.

கோபம் சரி. ஆனால் "ஏற்கெனவே இத்தனை கடை இருக்கிறதே", "குடி குடியைக் கெடுக்கும்" என்று கவுன்சிலுக்கு எழுதினால் பொதுவாக எடுபடாது. 2003-ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டம் பார்ப்பது 4 விஷயங்களைத்தான்: குற்றத் தடுப்பு, பொதுப் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு, சிறுவர் பாதுகாப்பு. நள்ளிரவில் உடையும் பாட்டில்கள், தூங்கவிடாத கூச்சல் இவற்றைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அவகாசம் 28 நாள்தான். கடைசித் தேதி கடை வாசலில் ஒட்டிய நீல நோட்டீசில் இருக்கிறது. பொருத்தமான ஆட்சேபம் ஒன்றுகூட வராவிட்டால் கவுன்சில் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

அடியோடு மறுக்கச் சொல்ல வேண்டும் என்றில்லை. (முருங்கைக்காய்க்கு அங்கேதானே போகிறோம்!) 11 மணியோடு விற்பனையை நிறுத்த வேண்டும், கேமரா வைக்க வேண்டும், 25 வயதுக்குக் குறைவாகத் தெரிபவரிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று நிபந்தனை கோரலாம். அப்புறம், மொட்டைக் கடிதம் வேண்டாம். எழுதுபவரின் பெயரும் முகவரியும் வழக்கமாக விண்ணப்பதாரருக்கும் போகும்; அதையும் தெரிந்துகொண்டே எழுதுங்கள்.

வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்