வெஃபாவில் குடித்த கூழ்

அன்புள்ள வசந்திக்கு,

நான் ஊர் திரும்பிய மறுநாளே உன் கடிதம் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. அண்ணன் மகளுக்கு வரன் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், எப்படியும் வந்துவிடுவேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டிராவல்ஸ்காரர் ஐரோப்பா டூரோடு இஸ்தான்புல்லையும் ஒன்றரை நாள் சேர்த்துத் தருகிறாராம், போதுமா என்கிறாய். போதாதுடி. கி.பி. 330-இல் ரோமானியச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் தலைநகராக்கிய ஊர் அது. 1453-இல் ஒட்டோமான்கள் கைக்கு வந்தபோதும் தலைநகராகவே இருந்தது, 1923-இல் அங்காராவுக்கு மாற்றும் வரைக்கும். ஏறக்குறைய 1,600 வருஷம் இரண்டு பேரரசுகள் குடியிருந்த ஊரை ஒன்றரை நாளில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தால் உனக்கே மனசு ஆறாது. ஐந்து நாளாவது வேண்டும். நானும் மகளும் நவம்பரில் ஆறு நாள் இருந்தோம், கிளம்பும்போது இன்னும் இரண்டு நாள் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

முதலில் உன் முழங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்க மேடும் பள்ளமும்தான், கல் பாவிய தெருக்கள், மழை பெய்தால் வழுக்கும். ஆனால் டிராம் இருக்கிறது, அதைவிட நல்லது படகு இருக்கிறது. எமினோனு துறையில் ஏறினால் இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் கடிகோய் போய் இறங்கிவிடலாம். ஏறுவது ஐரோப்பாவில், இறங்குவது ஆசியாவில். உட்கார்ந்தபடியே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். தட்டில் டீ எடுத்துக்கொண்டு ஒருவர் சுற்றி வருவார், இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடித் தம்ளர், பால் கிடையாது, சுடச்சுட இருக்கும். எள் ஒட்டிய வளையம் மாதிரி ஒரு ரொட்டி, சிமித் என்று பெயர், அதைப் பிய்த்து மேலே தூக்கிப் போட்டால் கடற்காகங்கள் படகோடு சேர்ந்து பறந்து வந்து காற்றிலேயே கவ்விக்கொள்ளும். ஒரு குட்டிப் பையன் தன் ரொட்டி முழுவதையும் அதுகளுக்கே போட்டுவிட்டு, என் கையில் இருந்ததைப் பார்த்தான். பாதி கொடுத்தேன், அதையும் போட்டுவிட்டான். நாங்கள் அந்தப் படகில் சும்மாவே நான்கு முறை போய்வந்தோம்.

அயாசோஃபியாவை, நாம் பாடத்தில் படித்த ஹாகியா சோஃபியாவை, முதல் நாளே பார்த்துவிடு, காலையில் சீக்கிரம் போ. ஜஸ்டினியன் சக்கரவர்த்தி காலத்தில் தேவாலயமாக 532-இல் தொடங்கி 537-இல் முடித்திருக்கிறார்கள், ஆறு வருஷம்கூட ஆகவில்லை. இருபது வருஷத்தில் பூகம்பத்தில் குவிமாடம் விழுந்து, மறுபடி உயர்த்திக் கட்டியதுதான், பின்னால் சில பழுதுகள் பார்த்ததோடு, இன்றைக்கு நிற்பது. இப்போது அது மசூதி, கீழ்த்தளம் தொழுகைக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு மேல்தளம் மட்டும்தான், நான் போனபோது டிக்கெட் 25 யூரோ. அதிகம்தான், ஆனாலும் விடாதே. தலையில் போட துப்பட்டா எடுத்துக்கொள். மேலே ஒரு மொசைக் படத்தில் ஸோயி என்ற மகாராணி, அவளுக்கும் கணவனுக்கும் நடுவில் கிறிஸ்து. அவள் மூன்று முறை கல்யாணம் செய்தவள், மூன்றாவது கணவன் வந்ததும் படத்தில் இருந்த பழைய தலையையும் பெயரையும் எடுத்துவிட்டுப் புதுசாகப் பதித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரிகிறது. இன்னொரு பக்கம் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கிறுக்கல். வடக்கேயிருந்து வந்த வைக்கிங் வீரன் ஒருவன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தன் பெயரைச் செதுக்கியது, ஹால்ஃப்தான் என்று மட்டும் படிக்க முடிகிறதாம். நம் கோயில் தூணில் பெயர் எழுதுகிற பையன்களை எத்தனை முறை திட்டியிருப்போம்! இந்தப் பெயரைப் பார்த்து நான் உருகிப்போய் நின்றேன்.

பக்கத்திலேயே நிலத்தடி நீர்த்தொட்டி. 336 தூண்கள் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன, மெல்லிய வெளிச்சம், சொட்டு விழுகிற சத்தம். 52 படி இறங்க வேண்டும், அதனால் உன் டாக்டரைக் கேட்டுக்கொள். பேரரசு போனபின் இப்படி ஒன்று இருப்பதே வெளியே மறந்துபோய்விட்டதாம். 16-ஆம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், மேலே குடியிருந்தவர்கள் வீட்டுத் தரையில் இருந்த ஓட்டை வழியாக வாளி விட்டுத் தண்ணீர் இறைப்பதையும் மீன் பிடிப்பதையும் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

நீல மசூதி, கிராண்ட் பஜார் எல்லாம் உன் டிராவல்ஸ்காரரே காட்டிவிடுவார். பஜாரில் நான் ஒன்றும் வாங்கவில்லை. டோப்கபி அரண்மனையில் மட்டும் நகை பார்க்கிற கூட்டத்தை விட்டுவிட்டு அடுக்களைப் பக்கம் வா. வரிசையாகப் புகைபோக்கிகள், ஆள் உட்காரலாம் போன்ற அண்டாக்கள். ஆயிரக்கணக்கான பேருக்கு தினம் சமைத்த இடம். சுல்தானின் ஜானிசரிப் படையில் ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் பட்டமே 'சோர்பாஜி', அதாவது சூப்புக்காரர். சுல்தான் மேல் கோபம் வந்தால் படைவீரர்கள் சோற்று அண்டாவைக் கவிழ்த்துப் போடுவார்களாம், கலகம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டை எவ்வளவு பெரிய விஷயமாக நினைத்திருக்கிறார்கள் பார்.

அந்த நினைப்பு இன்னும் அந்த ஊரில் இருக்கிறது. முதல் ராத்திரி மட்டும் ஏமாந்தோம். சுற்றுலாக்காரர்கள் கூடும் தெருவில், வாசலில் நின்று கூப்பிட்டார்கள் என்று உள்ளே போனோம், மெனுவில் விலை போடவில்லை, கேட்காமல் கொண்டுவந்து வைத்த தட்டுகளுக்கெல்லாம் பில் போட்டுவிட்டார்கள். ராத்திரி முழுக்க அந்தக் கோபம் தீரவில்லை. விலை எழுதாத கடைக்குள் நீ காலே வைக்காதே. மறுநாள் 'எஸ்னாஃப் லோகந்தாசி' என்று ஒன்று இருப்பதை மகள் விசாரித்து வைத்தாள், அப்புறம் கவலையே இல்லை. கடைக்காரர்களும் தொழிலாளிகளும் மத்தியானம் சாப்பிடுகிற இடம், நம்மூர் மெஸ்தான். சமைத்ததையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பார்கள், விரலை நீட்டிக் காட்டினால் போதும். ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய், மைசூர் பருப்பில் ஒரு சூப். அந்த சூப்பில் எலுமிச்சை பிழிந்து, மேலே மிளகாய் போட்டு உருக்கிய வெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள், என் பல்லுக்குள் இன்னும் அந்த ருசி இருக்கிறது. சிலர் எலும்புச் சாற்றில் கொதிக்க வைப்பார்கள், அதனால் 'எத்ஸிஸ்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள். இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். 'எத்' என்றால் இறைச்சி, 'ஸிஸ்' என்றால் இல்லாமல்.

அந்தத் துருக்கி மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம்மைப் போலவே சொல்லோடு சொல்லை ஒட்டிக்கொண்டே போகிறார்கள், வினை கடைசியில் வருகிறது. 'சு' தண்ணீர், 'வார்' இருக்கு, 'மு' நம்முடைய ஆ. 'சு வார் மு?' என்றால் 'தண்ணி இருக்கா?' அப்படியே வார்த்தைக்கு வார்த்தை! இல்லை என்றால் 'யோக்'. நாம் டீ கீ என்கிறோமே, அவர்கள் 'சாய் மாய்' என்கிறார்கள். மைதானம் அங்கே 'மெய்தான்', ஜவாப் அங்கே 'ஜெவாப்'. இங்கிலீஷில் தடுமாறிக் கேட்டதைவிட இந்த நாலு சொல்லைத் தமிழ் மாதிரி நினைத்துக் கேட்டபோது எனக்குச் சுலபமாக வந்தது, கேட்டவர்கள் முகமும் மலர்ந்தது.

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. சுலைமானியே மசூதி மேட்டில் ஏறி, கட்டடக் கலைஞர் சினான் 1557-இல் முடித்த அந்தக் கோபுரத்தடியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு, எதிரே வரிசையாக இருக்கிற கடைகளில் ஒன்றில் வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கினால் வெஃபா என்ற பேட்டை. அங்கே 1876-லிருந்து ஒரே கடை, விற்பது போஸா. சிறுதானியத்தை வேகவைத்து, புளிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்த பானம். கண்ணாடித் தம்ளரில் மஞ்சள் வெள்ளையாக, கரண்டி நிற்கிற கெட்டியில் தருகிறார்கள், மேலே லவங்கப்பட்டைத் தூள். எதிர்க்கடையில் வறுத்த கொண்டைக்கடலை பொட்டலம் வாங்கி வந்து அதன்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாரும் தெருவைக் கடந்துபோய் வாங்கி வருகிறார்கள்.

ஒரு வாய் வைத்ததும் எனக்கு மதுரைத் தமுக்கம் வாசலில் தள்ளுவண்டியில் நாம் குடித்த கம்பங்கூழ்தான் ஞாபகம் வந்தது. அதே புளிப்பு, அதே தொண்டையில் இறங்குகிற கனம். இது இனிப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் நீ சில்லறையை எண்ணி எண்ணி இரண்டு சொம்பு வாங்குவாயே, மோர் மிளகாயில் பெரியதை என் பக்கம் தள்ளுவாயே. பக்கத்து மேசையில் இரண்டு பாட்டிகள், நம் வயதைவிடப் பத்து பதினைந்து கூட இருக்கும், பேசாமல் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எடுத்து முடித்ததும் பொட்டலத்தை மற்றவள் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் என்னம்மா என்றாள், உன் பெயரைச் சொன்னேன்.

அதனால் டிராவல்ஸ்காரரிடம் இன்னும் பணம் கட்டாதே. டாக்டர் எப்போது படி ஏறலாம் என்கிறார் என்று கேட்டு எழுது, அடுத்த நவம்பர் என்றால் நானும் வருகிறேன், நாம் இரண்டு பேருமாகப் போவோம். குளிர் இருக்கும், போஸாவுக்கு அதுதான் பருவம். எதிர்க்கடைக் கடலையில் ஒரு பொட்டலம் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மீனா

கோவை