பரணிலிருந்து இறக்கிய மிருதங்கம்

திருவானைக்காவல்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் போனில், "லேப் விட்டா ரூம், ரூம் விட்டா லேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு உறுத்தியது வேறு. மறுநாள் பரணில் ஏறி உன் மிருதங்கத்தை இறக்கினேன்.

ப்ளஸ் டூ வந்ததும் "தட்டினது போதும், படி" என்று அதை மேலே ஏற்றியவன் நான்தான். நீ அழக்கூட இல்லை. உறை போட்டு நீயே எடுத்துக் கொடுத்தாய். அதுதான் இப்போது வலிக்கிறது.

நீ நாள் முழுக்க உட்காரும் ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரின் ராமன், அதான் சர் சி.வி. ராமன், இந்த ஊரில் பிறந்தவர். 1907இல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தது என் இலாகாவில்தான், கணக்கு அதிகாரியாக. பத்து வருஷம் அந்த உத்தியோகம். விடியற்காலையிலும் ஆபீஸ் விட்ட பிறகும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் சங்கத்துக்கு ஓடிவிடுவார். முப்பத்திரண்டு வருஷம் அதே இலாகாவில் குப்பை கொட்டிய நான், ஆபீஸ் விட்டதும் போனது டீக்கடைக்கு.

அங்கே அவர் ஆராயக் கையில் எடுத்தவற்றில் வீணை, தம்புரா, மிருதங்கம் எல்லாம் உண்டு. வீட்டில் மனைவி லோகசுந்தரி அம்மாள் வீணை வாசிப்பவர். வெறும் தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனால் வலந்தலை, அதாவது வலது பக்கத் தோலின், நடுவில் அப்பும் கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. நடுவில் கனம் ஏறியதும், கம்பி வாத்தியம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று விகிதம் பிசகாமல் சுரங்கள் வந்து நிற்கின்றன. 1920இல் இதை எழுதினார். பிறகு 1934இல் மறுபடியும் விரிவாக. தோலில் மணலைத் தூவி, தட்டினால் அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்த வேலை அது. உன் வாத்தியார் மோதிர விரலை லேசாக வைத்துக்கொண்டு 'நம்' என்ற சொல்லை வாசிக்கச் சொல்வாரே, அந்த விரல் நிற்பது மணல் ஒதுங்கும் கோட்டின் மேல்தான். உனக்கு அன்றைக்கே விரலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது வெறும் தட்டல்.

பின்னாளில் பெங்களூரில் ரோஜாத் தோட்டம் போட்டாராம். இன்னொரு இயற்பியல்காரர் சத்யேந்திரநாத் போஸ், வில்லால் வாசிக்கும் எஸ்ராஜ் என்ற வாத்தியத்தை வாசிப்பாராம். நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கப் படிக்க, ஒரு பெண்ணின் மிருதங்கத்தைப் பரணில் போட்டவன் என்ற நினைப்புதான் வந்தது.

இறக்கிப் பார்த்தால் வார் தொய்ந்து, கரணை பாதி உதிர்ந்து கிடக்கிறது. மிருதங்கம் மூட்டுகிறவரிடம் ஆட்டோவில் எடுத்துப்போனேன். உருட்டிப் பார்த்துவிட்டு, "பலாக்கட்டைக்கு ஒண்ணும் ஆகலை சார், தோல்தான் மாத்தணும்" என்றார். அடுத்த மாதம் உன் அத்தை பையன் அங்கே வரும்போது கொண்டுவரச் சம்மதித்துவிட்டான்.

எந்தச் சுருதிக்கு மூட்டட்டும் என்று கேட்கிறார். நீ வாசித்தது என்ன கட்டை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டதே இல்லை. புதன்கிழமைக்குள் சொல்லு.

அப்பா