வீட்டு வைஃபையில் யார் யார்?

அன்புள்ள மலர்,

லேப்டாப்பில் பிரிண்டர் மறுபடியும் காணாமல் போய்விட்டது, புதிதாக வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்காதே. ஐபி எண்ணைப் போட்டுச் சேர்த்தேன் என்று நீயே சொல்கிறாய், அதுதான் விஷயம். வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியின் முகவரிதான் அந்த எண், அதை ரவுட்டர் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கும். நாலு நாள் அணைத்து வைத்தால், பிரிண்டரிடம் இருந்த 192.168.1.7 என்ற எண் வேறொரு போனுக்குப் போயிருக்கலாம்.

அதனால் பிரிண்டரின் செட்டிங்ஸில் ஒரு பெயர் கொடுத்து, பெயருக்குப் பின்னால் புள்ளி லோக்கல் (.local) என்று போட்டு லேப்டாப்பில் சேர். கல்யாண வீட்டில் "இங்கே சரசு யாரம்மா?" என்று பொதுவாகக் குரல் கொடுத்தால் சரசு மட்டும் திரும்பிப் பார்ப்பாளே, அப்படித்தான் இது நடக்கிறது. லேப்டாப் 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் கேள்வியை அனுப்பும். அந்தப் பெயருள்ள கருவி தன் இப்போதைய எண்ணைச் சொல்லும். நடுவில் சர்வர் கிடையாது. ஆப்பிள் இதை 2002லேயே கொண்டுவந்தது, பொதுத் தரமாக வெளியானது 2013ல். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று தன் பெயரோடு 2 என்று சேர்த்துக்கொள்ளும். பார்த்துப் பயப்படாதே. இந்தக் கேள்வி ஒரே நெட்வொர்க்குக்குள்தான் சுற்றும். டிவியை கெஸ்ட் வைஃபையிலும் போனை மெயின் வைஃபையிலும் வைத்தால் ஒன்றுக்கொன்று தெரியாது.

பெயரை ஆங்கில எழுத்து, எண், இடையில் ஒரு கோடு, இவற்றோடு முடித்துக்கொள். hall-tv, maadi-printer என்று இடத்தைச் சொன்னால் போதும். போனுக்கு மட்டும் உன் பெயரை வைக்காதே மா. காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்திருக்கும்போது அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாருக்கும் அந்தப் பெயர் தெரியக்கூடும். தனியாக இருக்கிறாய், இதை இன்றைக்கே மாற்றிவிடு.

அப்புறம், ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திற. எஸ்பிரெஸிஃப் என்று ஏதாவது இருந்தால் அநேகமாக உன் ஸ்மார்ட் பல்போ பிளக்கோதான், அது உள்ளே இருக்கும் சிப்பைச் செய்த கம்பெனி. எந்தக் கம்பெனி என்றே காட்டாத ஒன்று உன் போனாகவே இருக்கலாம். இப்போதெல்லாம் போன்கள் வைஃபையில் கம்பெனி பதித்துக் கொடுத்த நிஜ முகவரியை (மேக் அட்ரஸ், ஐபி எண் அல்ல) காட்டாமல் தாமாக ஒன்றைப் போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, பட்டியலிலிருந்து எது போகிறதோ அதற்கு அங்கேயே பெயர் எழுது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டால், தெரியாதது ஒன்று உள்ளே வந்தால் உடனே கண்ணில் படும். நான் இவ்வளவு வற்புறுத்துவது அதற்காகத்தான். அப்படி ஏதாவது மிஞ்சினால் பாஸ்வேர்டை உடனே மாற்று.

சரி, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பட்டியலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா