பக்கத்துத் தெருவில் என்ன நடக்கிறது?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "பள்ளி விட்ட பிறகு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நீங்கள் சேர்ந்துகொள்ள என்னென்ன இருக்கிறது?" டியூஷன் என்று பலர் சொன்னார்கள், மைதானம் என்று சிலர். அதோடு பட்டியல் நின்றுவிட்டது. வேறொரு கண்டத்தில் நடந்த ஸ்கேட்டிங் போட்டியில் யார் ஜெயித்தார் என்று ஒரு மாணவி டக்கென்று சொன்னாள். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர் வாசிப்பு வட்டம் கூடுவது அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது நம்மை அதிக நேரம் பிடித்து வைக்குமோ அதைத்தான் ரீல்ஸ் முன்னால் தள்ளுகிறது. பத்துப் பிள்ளைகள் வரும் ஒரு செஸ் வகுப்புக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்காது. அதை நடத்துபவருக்கு வீடியோ எடுத்துப் போட நேரமும் இருக்காது. வாசலில் ஒரு காகிதம் ஒட்டுவார், அவ்வளவுதான்.

அந்தக் காகிதத்தை உங்கள் போனுக்குக் கொண்டுவரத்தான் பெற்றோருக்கென ஒரு வாட்ஸ்அப் அறிவிப்புக் குழு தொடங்குகிறோம். அட்மின்கள் மட்டுமே அதில் பதிவிட முடியும் என்பதால் காலை வணக்கமும் ஃபார்வர்டுகளும் வராது. வாரம் ஒரு பட்டியல் மட்டும் வரும். பிள்ளைகளை இதில் சேர்க்கப் போவதில்லை. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்குமே குறைந்தபட்ச வயது 13. நம் பள்ளியில் பாதிப் பேர் அதற்கும் கீழே.

பட்டியலில் வருவதை முன்கூட்டியே சரிபார்ப்போம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ற பருவத்தில் ஓர் ஓவியப் பயிற்சி பற்றிய படம் எனக்கு வந்தது. நாளும் கிழமையும் இருந்தன, ஆண்டு இல்லை. நானும் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். நான்கு பிள்ளைகள் வண்ணப் பெட்டியோடு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். அது பழைய அறிவிப்பு. அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அவர்களில் ஒருத்தி அடுத்த அழைப்புக்கு வரவே இல்லை.

அதனால் இனி ஓர் ஆசிரியரின் துணையோடு பத்தாம் வகுப்பு மாணவர்கள் நேரில் போயோ போனில் பேசியோ விவரம் கேட்பார்கள். எந்த வயதுக்கு, யார் பொறுப்பு, கட்டணம் உண்டா, எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் நாம் எல்லோரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். கழிப்பறை இருக்கிறதா என்பதையும் சேர்க்கச் சொன்னவர்கள் மாணவிகள். சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்பதை ஒரு மாணவன் சேர்த்தான். எனக்கு இரண்டுமே தோன்றியிருக்கவில்லை.

இவ்வளவு செய்தாலும் தகவல் மட்டும் போதாது என்பது என் அனுபவம். கால்பந்துப் பயிற்சி நடப்பது ஒரு மாணவனுக்கு ஆறு மாதமாகத் தெரியும். ஆனாலும் போகவில்லை. தனியாகப் போய் ஓரமாக நிற்கக் கூச்சம். ஒருநாள் அவனுடைய நண்பனின் அம்மா வகுப்புப் பெற்றோர் குழுவில், "நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், யாராவது கூட வருகிறீர்களா?" என்று எழுதினார். அன்று மூன்று பேர் போனார்கள், இவனும் ஒருவன். இப்போது ஒரு நாள்கூடத் தவறவிடுவதில்லை. செல்போனால் ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நம்புகிறேன். நீங்களும் உங்கள் வகுப்புக் குழுவில் அப்படி ஒரு வரி எழுதுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போய், நடத்துபவரைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

படிப்பு கெடாதா என்று சிலர் கேட்டீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, அதன் 31ஆம் பிரிவில். தேர்வு வாரத்தில் பட்டியல் வராது, சரி. மற்ற வாரங்களில் ஒரு மாலையையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள்.

அப்புறம், பாதுகாப்பு. பிள்ளையின் போன் எண்ணை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். சீருடையோடு எடுத்த படம், போகும் இடம், நேரம் மூன்றையும் எல்லோரும் பார்க்கும்படி பதிவிட்டால், முன்பின் தெரியாத ஒருவருக்கும் வழி காட்டியதாகிவிடும். வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குள் 'குழுக்கள்' என்ற பகுதி இருக்கும். உங்களை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை அங்கே 'என் தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், உடனே செய்து தருகிறோம்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளும் நம்மிடம் இருக்கின்றன. அதே பட்டியல் வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசல் பலகையில் இருக்கும். கேட்பவர்களுக்கு அச்சிட்டும் தருவோம்.

உங்கள் தெருவில் யாராவது பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால், அது சிறியதாக இருந்தாலும், வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள். முதல் பட்டியலுக்கு இதுவரை ஏழு இடங்கள் சேர்ந்திருக்கின்றன.

அன்புடன்,
தலைமையாசிரியர்